மேபல் சேற்றில் படுத்த ஞாயிறு

என் மனுசி பவானிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை பகல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து இறங்குகிறார்கள் என்று உறுதியான நாளிலிருந்து எனக்கு நித்திரை போய்விட்டது. சந்தோசத்தில்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, பயத்தில். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது வழி தவறிவிட்டால்? பவானிக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் கஸ்தூரி நான் வெளிக்கிடும்போது கைக்குழந்தை. நாலு வருசமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடைக்குள் நின்று என்னோடு கதைத்த பழக்கம்தான் அவளுக்கு. பக்குரங்காவில் அவர்களுக்காக எடுத்த வாடகை வீட்டில் அடுப்பைத் துடைத்துத் துடைத்து அதிலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோய், எந்தத் திருகி எந்த அடுப்புக்கு என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

ஈஸ்ட் டாமாக்கியில் வாளி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்தக் கிழமை ஒரு முழு அடுக்கு வாளிகளைக் கைப்பிடி இல்லாமலே கட்டி அனுப்பிவிட்டேன். அங்கே இயந்திரம் திருத்துகிறவர் பெனடிக்ற் அண்ணை. மன்னார்க்காரர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இஞ்ச பார் ராசன், நீ இப்பிடியே வீட்டில இருந்தா திங்கக்கிழமை உன்ர மனுசி உன்னை ஆஸ்பத்திரியிலதான் வந்து பாக்கவேணும். திங்களும் சேர்த்து நீண்ட லீவு வருது. வெள்ளி வெளிக்கிட்டு ஞாயிறு பின்னேரம் வந்திடுவம். என்ர படகில வா."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உலகத்தில் எனக்குத் தெரியாத விசயங்கள் நிறைய உண்டு. ஆனால் சந்தோசத்துக்காக ஒருவர் வள்ளத்தில் ஏறுவார் என்பதுதான் எல்லாவற்றிலும் நம்பமுடியாததாக இருந்தது. நான் ஏறிய ஒரே வள்ளம் சண்டைக் காலத்தில் இரவோடிரவாகக் கிளாலிக் கடலேரியைக் கடந்தது. விளக்கில்லை, கதையில்லை, குழந்தைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள். நான் கொடிகாமத்துக்காரன், தரையில் வளர்ந்தவன். கடல் என்றால் எதிலிருந்தாவது தப்பிப் போகிற பாதை என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அதில் மூன்று நாள் சும்மா போய்வருவதாம்.

போனேன். வேறு வழி தெரியவில்லை.

படகின் பெயர் மேபல். பெனடிக்ற் அண்ணைக்கு முன் அதை வைத்திருந்த வெள்ளைக்காரர் தன் மாமியாரின் பெயரை வைத்தாராம். பெயரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்று அண்ணை அப்படியே விட்டுவிட்டார். பாய்மரத்தின் அடியில் ஒரு செபமாலையை மட்டும் சுற்றியிருந்தார். ஹாஃப் மூன் பே படகுத்துறையில் நிறையப் பளபளப்பான படகுகள் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே மேபல், கல்யாண வீட்டுக்குச் சமையல் செய்ய வந்த ஆளைப் போல நின்றது.

நாங்கள் நாலு பேர். அண்ணையும் அவரது மனைவி ஜெசிந்தா அக்காவும். அக்கா முதியோர் இல்லமொன்றில் தாதி. நாலாவது ஆள் முரளி, மதுரைப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை, சுத்த சைவம். அண்ணையின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். அவன் தோளில் ஒரு பெரிய பெட்டியோடு வந்தான்.

"என்ன தம்பி அது?" என்றார் அக்கா.

"ரைஸ் குக்கர் அக்கா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே தயிர்சாதம் வச்சுக்கலாம்னு."

"கடலுக்குள்ள எங்க ராசா பிளக் செருகப் போறாய்? மீன்ர வாயிலயா?"

அவன் படகு முழுவதும் சுவர்களைத் தடவிப் பார்த்தான். பிளக் இல்லை. பிறகு அந்தக் குக்கர் மூன்று நாளும் வெங்காயம் வைக்கிற பெட்டியாக இருந்தது.

துறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணை எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றினார். சத்தம் திடீரென்று அடங்கியது. எஞ்சின் நின்றால் எங்கள் ஊர் அனுபவத்தில் அது நல்ல செய்தி இல்லை. "ஏன் நிண்டிட்டுது?" என்று இரண்டு தரம் கேட்டேன். "பாய் இழுக்குது மோனே, பார்" என்றார். உண்மைதான். மேபல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போனாள். நான் மற்றப் பக்கம் போய் இருந்து என் பாரத்தால் நிமிர்த்தப் பார்த்தேன். பாதுகாப்புச் சட்டையை ஏறும்போதே போட்டவன், அதோடுதான் அன்று சாப்பிட்டேன், அதோடுதான் படுத்தேன்.

சாப்பாடு என்றால், அது வெள்ளிக்கிழமை. எனக்கு வெள்ளி சைவம். முரளிக்கு எல்லா நாளும் சைவம். அண்ணைக்கும் அக்காவுக்கும் வெள்ளியில் இறைச்சி கூடாது, மீன் ஆகும். இந்தக் கணக்கெல்லாவற்றையும் மனதில் வைத்து அக்கா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் ஒரு டப்பாவில் தனியாகப் பொரித்த மீன், அதன் மேல் "ஆபத்து" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. முரளிக்காக. அவன் அந்த டப்பாவைக் கடந்து போகும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கடல்வழியாகப் போகையில் அண்ணை காற்றுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மன்னாரில் அவரது தகப்பன் கூப்பிட்ட அதே பெயர்கள்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோளகம். "ஆனா இஞ்ச எல்லாம் தலைகீழ் ராசன். எங்கட வாடை குளிரும். இவங்கட வாடை வெக்கை. குளிர் முழுக்கத் தெற்கால வருது. நான் வந்த புதிசில வாடை எண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு போய் அவிஞ்சுபோனன்."

பின்னேரம் வைஹெக்கித் தீவின் ஒரு குடாவில் நங்கூரம் போட்டோம். அங்கேதான் நான் படகை மூழ்கடித்தேன். அல்லது அப்படி நினைத்தேன். படகின் கழிப்பறையில் ஒரு கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தண்ணீர் அடிக்கவேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் திருகி. அதை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று அண்ணை சொன்னதைப் பயத்தில் மறந்துவிட்டேன். நான் அடிக்க அடிக்கத் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வந்தது. கடல் முழுவதும் அந்தக் கிண்ணத்தின் வழியாக ஏறி வருவதுபோல் இருந்தது.

"அண்ணை! தாழுது! தாழுது!"

அக்கா ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்று, "ராசன் தம்பி, முதல்ல சாரத்தைக் கட்டு. பேந்து திருகியை வலப்பக்கம் திருப்பு. பேந்து தாழலாம்" என்றார். தண்ணீர் நின்றது. முரளி மேலே சிரித்துச் சிரித்துப் பாய்க் கயிற்றில் தொங்கினான்.

சனிக்கிழமை எனக்கு விடிந்ததே நேரம் சென்றுதான். கிழமைக் கணக்கில் முதல் தடவையாக நல்ல நித்திரை. கண் திறந்தபோது தலைக்கு மேலே தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. சில நிமிடம் நான் எதையும் யோசிக்காமல் கிடந்தேன். பிறகு யோசனை வந்தது: இந்நேரம் பவானி சூட்கேசைக் கட்டியிருப்பாள். கடவுச்சீட்டை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால்?

அன்று காற்று நல்லாக இருந்தது. கிழக்கே பொனுயி என்று ஒரு தீவுக்குப் போனோம். அது தனியார் காணி. கடைகண்ணி இல்லை, பயணிகள் படகும் வருவதில்லை. ஆட்டுப் பட்டிகளும் புல்லு மேடுகளும். நங்கூரம் போட்டு நிமிர்ந்து பார்த்த அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். கரையோரம் மூன்று நாலு கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஜெசிந்தா! இஞ்ச வா! எங்கட ஆக்கள்!"

மன்னார்த் தீவில் கழுதைகள் தெருவில் சுற்றுவதைக் கண்டவர்களுக்கு அது விளங்கும். கடைக்கு முன்னாலும் கோயிலுக்கு முன்னாலும் தங்கள் பாட்டில் நிற்குமாம். அக்கா கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுகளுக்கு எப்பிடி விசா கிடைச்சுது? உங்கட தம்பிக்கு மூண்டு தரம் மறுத்தவங்களே" என்றார்.

மீன் பிடித்தது அக்காதான். அண்ணை தூண்டிலை எறிவதிலும் சுருட்டுவதிலும் பெரிய வித்தைகள் காட்டினார். அக்கா காலில் நூலைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் உரித்தபடி இருந்தார். அவரது காலைத்தான் மீன்கள் தேடி வந்தன. உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக மின்னுகிற ஸ்நாப்பர். சின்னதுகளை அளந்து பார்த்துத் திரும்பக் கடலில் விட்டார்கள், அதுதான் இந்நாட்டுச் சட்டம். எங்கள் பக்கத்தில் சின்ன மீனுக்குத்தான் ருசி என்று அண்ணை ஒவ்வொன்றையும் விடும்போது பெருமூச்சு விட்டார்.

குழம்பு கொதிக்கிற நேரம் ஒரு வயதான வெள்ளைக்காரர் சின்ன ஓடம் ஒன்றை வலித்துக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு நாய் நின்றது. பக்கத்தில் எஞ்சினே இல்லாத ஒரு பழைய பாய்ப்படகில் தனியாக இருக்கிறவராம். பெயர் கோலின்.

"இந்த மணம் நீரின் மேலால் எனக்கு வந்துவிட்டது. நீங்கள் ஃபிஜியில் இருந்தா?" என்று கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லிவிடு" என்றார் அண்ணை எனக்குத் தமிழில். "இல்லை எண்டா இலங்கை எங்க கிடக்கு எண்டு படம் கீறிக் காட்ட வேணும்."

அக்கா ஒரு கிண்ணத்தில் பாணும் குழம்பும் கொடுத்தார். கிழவர் ஒரு வாய் வைத்தார். முகம் தக்காளி நிறமானது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, நாய் குரைக்கத் தொடங்கியது. பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தரமுடியுமா? நான் பத்து வருசமாக எதையும் ருசித்ததில்லை" என்றார். பதிலுக்குத் தன் படகில் இருந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தந்தார்.

இப்படியான நாள்களில் ஒரு மனிதன் தன் கவலையை மறந்துவிடுகிறான். அதுதான் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கழுதைகளைக் கிட்டப் பார்க்கவேண்டும் என்று அண்ணைக்கு ஆசை. தீவின் ஒரு சின்னக் கைக்குடாவுக்குள் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து மேபலை மெல்ல உள்ளே விட்டார். ஓக்லாந்துக் கடலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் கடல் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் அளவு. இங்கே ஆள் உயரத்துக்கு மேலே ஏறி, அவ்வளவும் திரும்பப் போய்விடும். காலையில் படகு நின்ற இடத்தில் மாலையில் நடக்கலாம்.

"தண்ணி நிறையிற நேரம் வெளிக்கிட வேணும். அதைத் தாண்டி இதுக்குள்ள நிக்கக் கூடாது" என்று அண்ணை சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. முரளி கமராவோடு கழுதைகளிடம் போய்விட்டான். நாங்கள் சாப்பிட்டோம். தண்ணீர் நிறைந்துகொண்டு வந்தது. அண்ணை நங்கூரக் கயிற்றில் கையை வைத்தார்.

அப்போதுதான் நான் சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்தேன். எங்கள் ஆள்களின் பலசரக்குக் கடையில் தை மாதம் சும்மா தருகிற, யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கப்படி அச்சடித்த நாட்காட்டி. அந்த மூன்று நாளின் தாள்களையும் கிழித்துக் கொண்டுவந்திருந்தேன்.

"அண்ணை, நாலரை ஆகுது. ராகு காலம் துவங்குது. ஆறு மணி மட்டும்."

"அதுக்கு?"

"இப்ப வெளிக்கிடுறது வீட்டுக்கு. நாளைக்கு அவையைக் கூட்டப் போற பயணம் இதிலதானே துவங்குது. நாலு வருசம் அண்ணை. ராகு காலத்தில துவங்க ஏலாது."

"டேய், தண்ணிக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது."

"ஒரு மணித்தியாலம், ஒன்றரைதானே அண்ணை."

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா கொஞ்சம் யோசித்து, "விடுங்கோவன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் நீங்க படகு இறக்கினனீங்களோ? அவனுக்கு அவன்ர மனசு. கொஞ்சம் பொறுத்துப் போவம்" என்றார். அண்ணை வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "சரி. ஆறு அடிக்க ஒரு நொடி தாண்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு சரிந்தார். சாப்பாட்டுக் களை. அக்காவும் கண்ணயர்ந்தார். நான் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காவல் இருந்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை.

ஆறு அடித்ததும் எழுப்பினேன். முரளியும் வந்து ஏறினான். அண்ணை எஞ்சினைப் போட்டார். மேபல் ஒரு முழம் போனாள், பிறகு நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் இருக்கிற ஆளைப்போல மெத்தென்று நின்றாள். முன்னுக்கு, பின்னுக்கு. எஞ்சின் கத்தியது. பின்னால் சேறு கலங்கி வந்தது.

"போச்சு" என்றார் அண்ணை.

"எதுக்குண்ணா இவ்வளவு நேரம் கழிச்சுக் கிளம்புறோம்?" என்றான் முரளி. நான் சொன்னேன். அவன் நாட்காட்டித் தாளை வாங்கிப் பார்த்தான். அவனது முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"அண்ணா... ராகு காலம் சூரிய உதயத்துல இருந்து கணக்குப் போடணும். இது அங்க ஆறு மணிக்கு விடியுற ஊருக்குப் போட்டது. இங்க கோடைகாலம், கடிகாரத்தை வேற ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க, சூரியன் எட்டரைக்கு மேலதான் இறங்குது. ஞாயித்துக்கிழமை ராகு காலம் பகலோட கடைசிப் பங்கு. அப்ப இங்க ஏழு மணி வாக்குலதான் ஆரம்பிக்கும்."

"அப்ப நாலரைக்கு?"

"நாலரை சுத்தமான நேரம்ணா. நாம இப்ப நல்ல நேரமெல்லாம் உக்காந்து தள்ளிட்டு, ராகு காலத்தைப் பாத்து வந்து நிக்கிறோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணை என்னை அடிக்கக் கையை ஓங்கியவர், அதே கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த பெருக்கு விடியப்புறம்தான். நாளை பகல் விமானம். "கதவு திறந்தவுடனே உன்ர கண்ணுக்கு முன்னால நிப்பன்" என்று பவானிக்குச் சொல்லியிருந்தேன்.

அண்ணை படகு றேடியோவில் மீட்புக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் அமைதியாகக் கேட்டது: "யாருக்காவது காயமா? உள்ளே தண்ணீர் வருகிறதா? இல்லையா? அப்படியென்றால் தேத்தண்ணீர் போட்டுக் குடியுங்கள். தண்ணீர் போன வழியே திரும்பி வரும்."

"அவரிட்டச் சொல்லி எங்கட கோயில் ஆக்கள் ஆருக்கும் போன் பண்ணச் சொல்லட்டோ?" என்றார் அக்கா. "ஆராவது எயார்போட்டில போய் நிப்பினம்."

"வேண்டாம் அக்கா."

"ஏன்?"

எங்கள் ஊரில் சண்டைக் காலத்தில், வரவேண்டிய ஆள் வராமல் வேறொரு ஆள் வந்து வாசலில் நின்றால் பெண்கள் வாய் திறந்து கேட்பதில்லை. அந்த இடத்திலேயே குந்திவிடுவார்கள். பவானியின் தமக்கைக்கு அப்படித்தான் செய்தி வந்தது. பவானி பக்கத்தில் நின்றவள்.

"வேற ஆள் வந்து நிண்டா நான் செத்துப்போனன் எண்டு நினைப்பா" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. அண்ணை றேடியோவை அதன் கொக்கியில் மாட்டினார். "அப்ப உன்னைக் கொண்டுபோய் நிப்பாட்டுறது என்ர பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றிய கதை.

தண்ணீர் வற்ற வற்ற மேபல் மெல்லச் சரிந்து, கடைசியில் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டாள். உள்ளே எல்லாம் சரிவு. சோற்றுப் பானையை முரளி கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். அவனது குக்கரிலிருந்து வெங்காயங்கள் ஒவ்வொன்றாக உருண்டு என் மடிக்கு வந்தன. நாங்கள் கட்டிலில் அல்ல, சுவரில் படுத்தோம். வெளிக்குடாவில் நின்ற கோலின் சேற்றுக்குள் சப்பாத்து இல்லாமல் நடந்து வந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார். "படுக்க நல்ல இடம் தேர்ந்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, அண்ணையிடம் காரணம் கேட்டு அறிந்து, என் தோளில் கையை வைத்தார். "காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வடகிழக்குக் காற்று வரும். என் முழங்கால் சொல்கிறது. அது உன்னை வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போகும்." ராகு காலம் பார்த்த நான் ஒரு வெள்ளைக்காரரின் முழங்காலை நம்பிப் படுத்தேன்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தண்ணீர் வந்தது. மேபல் எழும்பினாள், நிமிர்ந்தாள், ஆனால் அடி மட்டும் சேற்றை விடவில்லை. காலைப் பெருக்கு மாலையை விடக் குறைவு என்றார் அண்ணை. இன்னும் ஒரு சாண் வேண்டும். எஞ்சினைப் போட்டால் சேற்றை உறிஞ்சுமாம். அக்கா சுக்கானில், அண்ணை பாயில். "பாரம் குறையவேணும். ஆராவது இறங்கித் தள்ளவேணும்."

முரளி இறங்கினான். நானும் இறங்கினேன். யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். தண்ணீர் நெஞ்சுவரை, குளிர் எலும்புவரை, சேறு முழங்கால்வரை. கோலினும் ஓடத்தில் வந்து முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி வலித்தார். நாய் அவரை உற்சாகப்படுத்தியது.

"ஒண்டு... ரெண்டு... மாமியாரைத் தள்ளு!" என்று கத்தினார் அண்ணை.

அசையவில்லை. மறுபடி. பின்பக்கப் பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். ஏதோ ஒன்று அடியில் "சளக்" என்று விட்டது. மேபல் போய்விட்டாள். உண்மையாகவே போய்விட்டாள், எங்களை விட்டுவிட்டு நல்ல தூரம் போய்விட்டாள். "என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ!" என்று நான் கத்தியது அந்தத் தீவின் கழுதைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். கோலின் எங்களை ஓடத்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் சப்பாத்து இரண்டும் பொனுயிச் சேற்றில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

ஆனால் வெளிக்கடலுக்கு வந்ததும் இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுபோயிற்று. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எஞ்சின் முதல்நாள் சேறு குடித்ததில் புகைத்தது, சூடேறியது, அண்ணை அதை நிறுத்திவிட்டார். வைஹெக்கி கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது. என் நினைப்பில் பவானி சிங்கப்பூரை விட்டு எப்போதோ ஏறிவிட்டாள். இந்தக் கடலுக்கு மேலால்தான் எங்கோ வந்துகொண்டிருக்கிறாள்.

அக்கா பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது அவரது கூந்தல் அசைந்தது. பிறகு தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடிவந்தது. பாய் ஒரு தரம் கொட்டாவி விட்டது, பிறகு நிறைந்தது.

"வாடைக்கொண்டல்!" என்றார் அண்ணை. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். "வாடி என்ர செல்லம்!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மேபல் ஓடினாள். முன்பக்கம் தண்ணீர் கிழிந்து இரண்டு பக்கமும் வெள்ளையாக விழுந்தது. அண்ணை ஒரு கயிற்றை என் கையில் தந்து, "நான் சொல்லேக்க இழு, சொல்லேக்க விடு" என்றார். இழுத்தேன், விட்டேன். கை எரிந்தது. படகைத் தள்ளுவதற்காகக் கழற்றிய பாதுகாப்புச் சட்டையைத் திரும்பப் போட மறந்துபோனேன். படகு என் பக்கம் சாய்ந்து தண்ணீர் தோளைத் தொட்டபோது பயப்பட நேரமில்லை. "இன்னும் இழுக்கட்டோ?" என்று நானே கேட்டேன். முரளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ராசண்ணா, நீங்க சிரிக்கிறீங்க" என்றான்.

ஹாஃப் மூன் பேயில் படகைக் கட்டுமுன்பே நான் துறைப் பாலத்தில் குதித்துவிட்டேன். மீனும் டீசலும் மணக்கிற அண்ணையின் வான் வண்டியில் ஏறினோம். வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரமில்லை. லீவு நாள் என்பதால் தெரு காலி. அண்ணை சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் நெஞ்சில் சிலுவை போட்டார்.

விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் எழுதியிருந்தது. நான் கதவுக்கு நேர் எதிரே போய் நின்றேன். வெறுங்கால், முழங்கால்வரை காய்ந்த சேறு, வெயிலில் தோலுரிந்த மூக்கு, முரளியின் மஞ்சள் மழைச்சட்டை. பூங்கொத்தோடு நின்ற ஒரு பெண்மணி மெல்ல விலகி இடம் விட்டார். கதவு திறந்து திறந்து மூடியது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், போனார்கள். பிறகு விமானப் பணிப்பெண்களும் வந்து போனார்கள். பிறகு ஒருவரும் இல்லை. நிலம் துடைக்கிற மனிதர் என் காலடியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

ஏறவில்லை. சிங்கப்பூரில் நின்றுவிட்டார்கள். நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

கதவு திறந்தது. பவானி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சேலை கசங்கி, முகம் சிவந்து, நல்ல கோபத்தில். என்னைக் கண்டவுடன், நாலு வருசத்துக்குப் பிறகு, அவள் சொன்ன முதல் வார்த்தை: "எல்லாத்தையும் பறிச்சுப்போட்டாங்கள்!"

"என்னத்தை?"

"பனங்கிழங்கில இடிச்ச ஒடியல் மா, புழுக்கொடியல், அம்மா தந்துவிட்ட வேப்பம்பூ வடகம். சுங்கத்தில ஒரு வெள்ளைக்காரி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொண்டா மணந்து மணந்து பாத்தவள். உங்களுக்கெண்டு கொண்டந்தது." அவளது கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "என்ன கோலம் இது? கால்ல என்ன?"

"பேந்து சொல்லுறன். இவ்வளவு நேரமா உள்ள நிண்டனீங்கள்? நான் வந்திருக்க மாட்டன் எண்டு பயந்திட்டியோ?"

"நான் ஏன் பயப்பிட?" என்றாள், உண்மையாகவே விளங்காமல். "நிப்பன் எண்டு சொன்னனீங்கள்தானே."

மகள் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள். நான் குந்தி இருந்து கையை நீட்டினேன். அவள் வரவில்லை. என் மூக்கைப் பார்த்தாள், சேற்றுக் காலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தன் சின்னக் கையைத் தொலைபேசிபோலப் பொத்திக் காதோடு வைத்தாள்.

"கதையுங்கோ" என்றாள்.

நானும் கையைப் பொத்திக் காதில் வைத்தேன்.

"ஹலோ, குஞ்சு. அப்பா கதைக்கிறன். சாப்பிட்டியா?"

அவள் திரும்பாமலே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தாயிடம் சொன்னாள்:

"ஓம் அம்மா. அப்பாதான்."